கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியில் முதல் பெண்

பள்ளிப்பட்டிலோ திருத்தணியிலோ பிளஸ் டூ தேறிய பெண் ஒருத்தி இஞ்சினீயரிங் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டால், இன்று அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. மார்க்கு எவ்வளவு, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்றுதான் அக்கம்பக்கத்தார் விசாரிப்பார்கள். பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்பார் எவரும் இல்லை.

1940-ம் ஆண்டில் சென்னையில் அந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது. கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியில் இடம் கேட்டவர் ஓர் இளம் விதவை. இருபது வயதைத் தாண்டியிராத தாய். அவருடைய மகளுக்கு வயது மூன்று. அந்தத் தாயின் பெயர் ஏ.லலிதா. இந்தியாவின் முதல் பெண் இஞ்சினீயர் என்று இன்று போற்றப்படுபவர் அவரே.

15 வயதில் கல்யாணம்

லலிதா 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி சென்னையில் பிறந்தார். தெலுங்குக் குடும்பம். ஏழு குழந்தைகளில் அவர் ஐந்தாமவர். தகப்பனார் பப்பு சுப்பாராவ் கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பொறியியல் பேராசிரியர். சகோதரர்கள் இஞ்சினீயரிங் படித்தார்கள். பெண்களுக்கோ அக்கால வழக்கப்படி ஓரளவு படிப்பு, பிறகு கல்யாணம் என்றிருந்தது.

லலிதாவுக்கும் 15-வது வயதில் கல்யாணம் நடந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் சுப்பாராவ் உறுதியாக இருந்தார். கல்யாணம் ஆனாலும் பத்தாம் வகுப்பு வரையிலாவது மகள் படித்தாக வேண்டும் என்றார். அதன்படி லலிதா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார். அதற்கு மேல் படிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தோடு கல்வி முடிந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

1937-ல் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாலு மாதம் ஆகியிருந்தபோது கணவர் காலமாகிவிட்டார். லலிதாவுக்கு அப்போது 18 வயது.

டாக்டர் படிப்பு ஏன் வேண்டாம்?

கணவனை இழந்த பெண், வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கிக் காலம் கழிக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. மறுமணம் செய்துகொள்ள லலிதா விரும்பவில்லை. பிறர் கையை எதிர்பார்த்து வாழவும் அவர் விரும்பவில்லை. குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்தார். தாம் சம்பாதித்து மகளை வளர்க்க வேண்டும், அதற்கு ஒரு தொழிற்கல்வி வேண்டும் என்று தீர்மானித்தார். தகப்பனார் அவருக்குத் துணை நின்றார்.

முதலில் ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து, இண்டர்மீடியட் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்து என்ன படிப்பது?

டாக்டர் தொழிலுக்குப் பெண்கள் அதற்குள் வந்துவிட்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி 1912-லேயே பட்டம் பெற்றிருந்தார். ஆகவே அந்த வழி லலிதாவுக்கும் திறந்துதான் இருந்தது. எனினும் அவர் அதை வேண்டாம் என்றார். டாக்டரானால் நடு இரவில் அழைப்பு வரும். தூங்குகிற குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலைதான் அவருக்குத் தேவைப்பட்டது. தகப்பனாரும் சகோதரர்களும் இஞ்சினீயர்கள். அந்தத் தொழிலைச் சிறு வயது முதல் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர். ஆகவே இஞ்சினீயரிங் என்று முடிவு செய்தார்.

புரட்சி செய்ய வேண்டும் என்று புறப்பட்டவர் அல்ல அவர். தாயின் கடமையையும் ஜீவனத்தையும் ஒன்றாக நடத்த வழி தேடினார். அந்த வழியில் ஒரு பூட்டிய கதவு இருந்தது.

பிரின்சிபாலின் சம்மதம்

கிண்டிக் கல்லூரி பழமையானது. 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய ஸ்தாபனம் அது. ஆனால் அது நாள் வரையில் அங்கே ஒரு பெண்ணும் மாணவியாகச் சேர்ந்தது இல்லை.

சுப்பாராவ் நேரே பிரின்சிபால் கே.சி.சாக்கோவிடம் போய்த் தம் மகளுக்காகப் பேசினார். பொதுக் கல்வி டைரக்டர் ஆர்.எம்.ஸ்டாதமிடமும் விஷயம் போயிற்று. இருவரும் சம்மதித்தார்கள். 1940-ல் லலிதா மின்சாரப் பொறியியல் வகுப்பில் சேர்ந்தார்.

நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். வம்பு வரும் என்று பலர் நினைத்திருக்கலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மாணவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அவருக்கென்று தனி விடுதி வசதியும் செய்து தரப்பட்டது. குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் போய் மகளைப் பார்த்து வருவார்.

குறை ஒன்றுதான்: பேச்சுத் துணைக்கு ஒரு பெண் இல்லை. அந்தத் தனிமை அவரை வாட்டியது. இதை உணர்ந்த தகப்பனார், பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யும்படி கல்லூரியாரைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே பலன் தெரிந்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்ற இரு பெண்கள் சிவில் இஞ்சினீயரிங் படிக்க வந்து சேர்ந்தார்கள். ஒரு பெண்ணுக்குத் தனி அனுமதி என்றிருந்தது, எல்லாப் பெண்களுக்கும் பொது வழி ஆயிற்று.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அதை முன்னிட்டு இஞ்சினீயரிங் படிப்பின் காலத்தைச் சில மாதங்கள் குறைத்தார்கள். அதனால் லலிதா ஓராண்டு முன்னதாகச் சேர்ந்திருந்தும், மூவரும் ஒரே சமயத்தில் 1943-ல் படிப்பை முடித்தார்கள். பட்டச் சான்றிதழோ ஆண்களுக்கென்றே அச்சடித்து வைத்தது. அதில் ஆண்பாலில் இருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் திருத்தித்தான் லலிதாவுக்குக் கொடுத்தார்கள்.

பாக்ரா அணையில் பங்கு

செய்முறைப் பயிற்சிக்காக லலிதா பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பட்டறைக்குப் போனார். 1862-ல் ஏற்பட்ட பெரிய பட்டறை அது. பிறகு சிம்லாவில் இருந்த மத்திய தரநிர்ணய ஸ்தாபனத்தில் வேலை கிடைத்தது. அங்கே சகோதரர் குடும்பம் இருந்ததால் மகளையும் உடன் வைத்துக்கொள்ள முடிந்தது. லண்டன் மின்சாரப் பொறியாளர் கழகத்தின் பரீட்சையிலும் தேறினார்.

சில காலம் தகப்பனாரின் ஆராய்ச்சிகளில் உதவியாக இருந்தார். மின்சாரத்தால் இயங்கும் ஓர் இசைக் கருவி, புகையில்லாத அடுப்பு முதலியவை சுப்பாராவின் முயற்சிகள். ஆனால் மகளை வளர்க்கச் சம்பளம் வேண்டுமே! 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் சேர்ந்தார். மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டு செல்லும் கம்பித் தடங்களையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைப்பது அவருடைய வேலை. சட்லெஜ் நதியின் பாக்ரா அணையை 1963-ல் பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார் அல்லவா? அந்த பாக்ரா நங்கல் திட்டத்தின் மின்சார ஜெனரேட்டர்கள் சம்பந்தமான வேலையிலும் லலிதாவுக்குப் பங்கு உண்டு.

நியூயார்க் மாநாடு

1964-ல் பெண் இஞ்சினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நியூயார்க் நகரில் கூடியது. அத்தகைய பெண்களுக்கு இந்தியாவில் அப்போது ஒரு சங்கம்கூட இல்லை. லலிதா தம் சொந்த முறையில் அதில் கலந்துகொண்டார். மறு ஆண்டு லண்டனில் உள்ள பெண் இஞ்சினீயர்கள் சங்கம் அவரை முழு அங்கத்தினராக ஏற்றது. இரண்டாவது மாநாடு 1967-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் நடந்தபோது, இந்தியாவிலிருந்து பெண் இஞ்சினீயர்கள் அதற்குச் செல்ல அவர் ஏற்பாடு செய்தார்.

கிண்டியில் உடன் பட்டம் பெற்ற திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை இஞ்சினீயரானார்.

லலிதா 1977-ல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு கிண்டிக் கல்லூரி புதிதாக ஏற்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. 1979 அக்டோபர் 12-ந் தேதி, தமது 60-வது வயதில், அவர் காலமானார். எந்தக் குழந்தைக்காக இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தாரோ, அந்த மகளை நன்றாகப் படிக்க வைத்து ஆளாக்கிவிட்டார்.

படிக்கும் பெண்ணுக்கு மார்க்கு மட்டும் போதாது. அவளுக்காக எழுந்து போய்ப் பேச ஒருவர் வேண்டும். சரி என்று கையெழுத்திட ஒருவர் வேண்டும். லலிதாவுக்கு ஒரு தகப்பனாரும், ஒரு பிரின்சிபாலும், ஒரு டைரக்டரும் கிடைத்தார்கள். கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோகும் பெண்கள் இன்றும் நம் ஊர்களில் உண்டு. பத்தாவது வரையாவது படிக்கட்டும் என்று அன்று சுப்பாராவ் பிடிவாதம் பிடித்திராவிட்டால், ராணி மேரி கல்லூரியும் இல்லை, கிண்டியும் இல்லை. வீட்டில் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் இது.