கோலாலம்பூரின் முதல் ஆயர் வேந்தர்கோன்

கோலாலம்பூரின் முதல் கத்தோலிக்க ஆயர் பெயரைக் கேட்டால் என் வயதுக்காரர்கள் பலர் விழிப்பார்கள். அவர் டான்ஸ்ரீ டோமினிக் வேந்தர்கோன். 1909-இல் பிறந்தார், 1934-இல் குருவானார். 1955-இல் கோலாலம்பூர் தனி மறைமாவட்டமானபோது ஆயரானார். மலாயாவில் அதுவரை ஆயர்கள் என்றால் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள்தாம். நாடு சுதந்திரம் பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்த நேரம் அது!

ரோமில் 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு, லத்தீனில் நடந்த பூசை தமிழுக்கும் வந்தது. 1972-இல் அவர் பேராயரானார்.

என்னை வியக்க வைத்தது 1976 ஆகஸ்ட் மாதம்தான். வெளிநாட்டுப் பாதிரியார்கள் இங்கே தங்கக் கட்டுப்பாடு வந்துவிட்டது. உள்ளூர்க் குருக்களோ குறைவு. அவரும் தீபகற்பத்தின் மற்ற இரு ஆயர்களும் தங்கள் குருக்களை ஒரு மாதம் பினாங்கில் கூட்டி, இனி என்ன செய்வது என்று ஆலோசித்தார்கள். அந்த மாதம் ஊரில் மக்களே முன்னின்று ஜெபம் நடத்தினார்கள். அக்கம்பக்கத்தார் வீடுகளில் கூடும் அன்பியங்கள் அதன்பின் வளர்ந்தன.

நான் இந்து. ஆனாலும் கேரி தீவுத் தோட்டத்தில் வளர்ந்ததால் இது எனக்குப் புரிகிறது. எங்கள் மாரியம்மன் கோயிலிலும் ஐயர் வராத நாளில் தோட்டத்து ஆள்களே விளக்கேற்றுவார்கள். ஆனால், ஒரு ஆயரே அப்படி விட்டுப் பார்க்கத் துணிச்சல் வேண்டும்.

1983-இல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த சோத்தர் பெர்னாண்டஸ் 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினாலானார். அதைப் பார்க்க வேந்தர்கோன் இல்லை. 2005-இல், 95 வயதில் காலமாகிவிட்டார்.