புனா வந்த புதுமைப்பித்தன்

சென்னை மெயிலில் ஊருக்குப் போகும்போது வழியில் புனா வருகிறதே, சிறுகதை மன்னன் புதுமைப்பித்தன் பிழைப்புக்காக வந்த ஊர் அது.

இயற்பெயர் விருத்தாசலம். 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தாசில்தார் மகன். நெல்லையில் பி.ஏ. படித்தவர், அரசு உத்தியோகத்துக்குப் போகவில்லை. "மணிக்கொடி"யில் கதை எழுதினார். "தினமணி"யில் வேலை பார்த்தார். வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில் கவிதையும் எழுதினார். பெயர் வந்தது, காசு வரவில்லை!

சினிமாவுக்குப் போனார். தியாகராஜ பாகவதரின் "ராஜமுக்தி" படத்துக்கு வசனம் எழுத புனா வந்தார். மனைவி கமலாவும் சிறு குழந்தையும் உடன் இல்லை. நம்மவர் பலரைப்போல அவருக்கும் கடிதம்தான் துணை. அங்கே காசநோய் முற்றியது. திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். 1948-ல், 42 வயதில் இறந்தார்.

கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாயின. "ராஜமுக்தி" அதே ஆண்டு திரைக்கு வந்தது. பார்க்க அவர் இல்லை.