விபுலாநந்த அடிகளாரும் ஆங்கிலக் கல்வியும்

அக்கரைப்பற்றுக்கு வடக்கே காரைதீவில் 1892 இல் தோன்றிய மயில்வாகனனார், விபுலாநந்த அடிகளாய் யாழ்நூல் இயற்றியதை யாவரும் அறிவர். ஆங்கிலக் கல்விக்கு அவர் உழைத்தமையோ குறைவாகவே பேசப்படுகிறது. அதனைத் தமிழாசிரியராகிய நாமே பேசுதல் பொருந்தும்.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்தவப் பாடசாலைகளிற் பயின்றவர், 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அந்நாளில் ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் வேண்டும். அஃதில்லாத சிறுவர்க்குத் தமிழ்ப் பாடசாலையே எல்லை. உத்தியோகமும் உயர்கல்வியும் அதற்கப்பால். இந்நிலையிலேதான், 1929 இல், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை ஆங்கிலப் பாடசாலையாகவே நிறுவினார். வறிய மாணவர்க்கு இல்லமும் அங்கே அமைந்தது.

ஆங்கிலம் கற்றோர் தமிழை மறப்பர் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். அடிகளாரோ சேக்சுபியர் நாடகங்களை மதங்க சூளாமணியாக 1926 இலேயே தமிழுக்குத் தந்துவிட்டார். 1947 இல் மறையுமுன், 1943 இல், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவரும் அவரே.