லைப்ரரியிலிருந்து ஓடிப்போகப் பார்த்த கணக்கு வாத்தியார்

ப்ராஜெக்ட்டுக்கு லிட்ரேச்சர் சர்வே எழுதச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? கூகுளில் நாலு வார்த்தை தட்டி, முதல் பக்கத்தில் வருகிற பேப்பர்களை டவுன்லோட் பண்ணி, அதில் ரெண்டை மட்டும் படிப்போம். (முழுசா படிச்சவங்க கை தூக்குங்க!) தேடுவது ஒரு தனித் திறமை என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட ஒருவர் நம்ம சீர்காழிக்காரர்: எஸ்.ஆர்.ரங்கநாதன்.

1892-ல் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். மங்களூர், கோயம்புத்தூர், அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரி என்று வாத்தியார் வேலை. பேசும்போது திக்கும், அதையும் சமாளித்துத்தான் பாடம் நடத்தினார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். சம்பளம் அதிகம், ஆனால் ஆளில்லாத கட்டடத்தில் சும்மா உட்கார முடியவில்லை. சில நாட்களிலேயே பழைய கல்லூரிக்குப் போய், என்னைத் திரும்ப எடுத்துக்கோங்க என்று கேட்டுவிட்டார். முதலில் லண்டன் போய்ப் படி, அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா வா என்று அனுப்பி வைத்தார்கள்.

அங்கேதான் ஆள் மாறினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்ததும் பொறி தட்டியது. சில பட்டைகள், கொஞ்சம் நட்டு, போல்ட்டு. அதை வைத்தே எத்தனை பொம்மை! புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கோத்தால் என்ன?

யோசித்துப் பாருங்க. தஞ்சாவூரில் நெல்லுக்கு வரும் நோயைத் தடுப்பது பற்றி ஒரு ஆய்வு. அதை எந்த அலமாரியில் வைப்பீங்க? விவசாயமா, நோயா, தஞ்சாவூரா? அப்போதைய முறைகளில் பெரும்பாலும் ஏற்கெனவே போட்டு வைத்த பட்டியலில் ஒரு இடத்தைத் தேடிப் பிடிக்கணும். ரங்கநாதனோ பயிர், நோய், தடுப்பு, இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கொடுத்து, நடுவில் முக்காற்புள்ளி போட்டு இணைத்தார். 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை இதுதான். இன்றைக்கு ஷாப்பிங் ஆப்பில் விலை, கலர், சைஸ் என்று ஃபில்டர் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே யோசனை.

1925-ல் திரும்பி வந்தவர் புத்தக அலமாரிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டார். வருகிறவருக்கு என்ன தேவை என்று கேட்டு, தேடித் தர ஆட்களை வைத்தார். 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சம் பண்ணுவது. ஆராய்ச்சி செய்கிற பேராசிரியருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வகுப்பும் எடுத்து ஆய்வும் செய்கிற உங்க கைடைக் கேட்டால் தெரியும். ஏற்கெனவே ஒருத்தர் கண்டுபிடித்ததைத் தெரியாமல் நாம் மறுபடி செய்தால் வருஷக்கணக்கில் போச்சு.

இருபது வருஷம் அங்கேயே இருந்தார். பிறகு காசி, டெல்லி. 1962-ல் பெங்களூரில் ஆவணமாக்கத்துக்கென்றே ஒரு ஆய்வு மையம் தொடங்கினார். 1972-ல் காலமானார். அதற்கு முன்பே, தான் சேர்த்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதா பெயரையும் சேர்த்து நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவாக்கக் கொடுத்திருந்தார். யாருக்கு? தான் ஓடிப்போகப் பார்த்த அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு.