சாண்டோ பனியன் தெரியும்... சாண்டோ சின்னப்பா தேவரைத் தெரியுமா? மில் தொழிலாளியை முதலாளி ஆக்கிய கர்லாக்கட்டை!

மணவாளக்குறிச்சி:

மணவாளக்குறிச்சியில் எந்த ஜவுளிக்கடைக்குப் போனாலும் சரி, சாண்டோ ஒண்ணு குடுங்க என்றால் போதும். கடைக்காரர் கை இல்லாத பனியனை எடுத்துப் போடுவார். மணல் ஆலைக்குப் போகிறவர், சின்னவிளை, பெரியவிளை கடற்கரையில் கரமடி இழுக்கிறவர், கொத்தனார், சுமட்டுத் தொழிலாளி என்று எல்லார் உடம்பிலும் அந்தப் பனியன்தான். ஆனால் சாண்டோ என்பது ஒரு ஆளோட பேர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் பட்டமாகப் போட்டுக்கொண்டு தமிழ்நாட்டையே கலக்கியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். எம்.ஜி.ஆரை வைத்து 16 படம் எடுத்த தேவர் பிலிம்ஸ் முதலாளி. யானையை நடிக்க வைத்தவர். முருக பக்தர். இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. அதுக்கு முன்னால் அவர் ஒரு சாதாரண மில் தொழிலாளி. கையில் இருந்த ஒரே சொத்து உடம்பு. அந்த உடம்பை வைத்தே அவர் மேலே வந்த கதைதான் இது.

அஞ்சாம் கிளாஸ் படிப்பு

கோவை ராமநாதபுரத்தில் 1915-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி பிறந்தார் சின்னப்பா. அப்பா அய்யாவு தேவர், அம்மா ராமாக்காள். வசதி இல்லாத குடும்பம். அஞ்சாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு.

அந்தக் காலத்துக் கோவை வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. சுற்றுவட்டார இளைஞர்களுக்கு மில் சங்குதான் கடிகாரம். சின்னப்பாவும் பங்கஜா மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஸ்டேன்ஸ் கம்பெனியில் வேலை. அது போதாமல் பால் வியாபாரம், அரிசிக்கடை, சோடா கம்பெனி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் செய்து பார்த்தார்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. அது உடற்பயிற்சி.

வீரமாருதி

நண்பர்களோடு சேர்ந்து வீரமாருதி தேகப்பயிற்சி சாலை என்று ஒன்றை ஆரம்பித்தார். இப்போது இருக்கிற மாதிரி ஏசி, கண்ணாடி, ஓடுற மெஷின் எல்லாம் அப்போது எங்கே? மண் தரை, கர்லாக்கட்டை, இரும்புக் குண்டு. தண்டால், பஸ்கி, மல்யுத்தம், சிலம்பம். அந்தக் காலத்து தேகப்பயிற்சி சாலை என்றால் இவ்வளவுதான்.

கர்லாக்கட்டையை லேசாக நினைத்துவிடக் கூடாது. ஒரு பக்கம் பருத்து, கைப்பிடிப் பக்கம் மெலிந்து இருக்கும். பாரம் முழுக்க கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதால், பார்க்கிறதை விட தூக்கும்போது கனம் அதிகமாகத் தெரியும். தோளுக்குப் பின்னால் வட்டமாகச் சுற்றி முன்னால் கொண்டு வரவேண்டும். மணிக்கட்டு, தோள், முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பிடி கொஞ்சம் நழுவினால் மண்டை பத்திரம்! இந்தக் கட்டையைப் பார்த்து அசந்துபோன வெள்ளைக்காரர்கள், 19-ம் நூற்றாண்டில் அதைத் தங்கள் நாட்டுக்கே கொண்டுபோய் ராணுவப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது ஜிம்மில் பையன்கள் வீசுகிறார்களே கெட்டில்பெல், அதுவும் இதே குடும்பம்தான். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. ருஷ்யாவில் சந்தையில் தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல் அது. ஒரு பூட் என்றால் 16 கிலோ சொச்சம். வியாபாரம் முடிந்ததும் யார் பலசாலி என்று தூக்கிப் போட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அதுவே வித்தை ஆனது, பயிற்சி ஆனது.

நம்ம தெற்குச் சீமையில் அதே இடத்தில் நின்றது இளவட்டக்கல். உருண்டையாக, வழுவழுவென்று, பிடிக்க இடமே இல்லாமல் இருக்கும். குந்தி உட்கார்ந்து அணைத்து, மடியில் ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளில் வைத்து பின்னால் போடவேண்டும். தூக்கினவனுக்குத்தான் பொண்ணு என்று ஒரு காலம் இருந்தது. கல்யாணக்கல் என்றே அதுக்கு இன்னொரு பேர்.

யார் இந்த சாண்டோ?

உடம்பு திரண்டது. ஊரில் பேர் பரவியது. சின்னப்பாவுக்கு சாண்டோ பட்டம் ஒட்டிக்கொண்டது.

அசல் சாண்டோ ஜெர்மன்காரர். யூஜின் சாண்டோ. 1867-ல் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். அந்த ஊர் இப்போது ருஷ்யாவில் இருக்கிறது, பேரும் மாறி கலினின்கிராட் ஆகிவிட்டது. 1889-ல் லண்டனில் சாம்ப்சன் என்ற பலசாலி, தன்னை யாராவது ஜெயிக்க முடியுமா என்று மேடையில் சவால் விட்டுக்கொண்டிருந்தார். அந்த மேடையிலேயே ஏறி அவரைத் தோற்கடித்தார் சாண்டோ. ஒரே ராத்திரியில் லண்டன் முழுக்க அவர் பேச்சு. 1893-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கூட்டம் கூட்டமாக வந்து அவரைப் பார்த்தார்கள்.

சாண்டோவுக்கு முன்னால் பலசாலி என்றால் பெருத்த தொந்தியோடு பாரம் தூக்குகிறவர்தான். சாண்டோ ஆளே வேறு. பாரமும் தூக்குவார், சிலை மாதிரி நின்று ஒவ்வொரு தசையாக ஆட்டியும் காட்டுவார். 1901-ல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் உடல் அழகுப் போட்டி நடத்தினார். நடுவர்களில் ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிய கானன் டாயில். 1904, 1905-ல் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டினார். 1925-ல் அவர் செத்துப் போனார். பேர் மட்டும் இங்கே தங்கிவிட்டது. உடம்பை வளர்த்தவன் எல்லாம் சாண்டோ. அந்த உடம்பைக் காட்டும் கை இல்லாத பனியனும் சாண்டோ!

யானையை மார்பில் ஏற்றியது எப்படி?

நம்ம நாட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். ஆந்திராவின் கோடி ராமமூர்த்தி நாயுடு. சென்னை சைதாப்பேட்டையில் உடற்பயிற்சி ஆசிரியருக்குப் படித்தவர். சொந்தமாக சர்க்கஸ் நடத்தி, இரும்புச் சங்கிலியை உடம்பில் சுற்றி அறுத்தார். மார்பில் பலகை வைத்து யானையை நடக்கவிட்டார்.

இதில் பலமும் உண்டு, கணக்கும் உண்டு. பலகை அகலமாக இருக்கும். யானையின் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவும். பலகையின் முனை தரையில் பட்டிருந்தால் பாரத்தில் ஒரு பங்கை தரை வாங்கிக்கொள்ளும். யானை கடக்கிறதும் சில நொடிதான். ஆனால் அந்த சில நொடியில் மூச்சை விட்டால் விலா எலும்பு நொறுங்கும். வருஷக்கணக்கில் மூச்சும் தசையும் பழகினவருக்கே அது சாத்தியம். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!

யானை மார்பில் ஏறிய காலத்துக்கு அடுத்த தலைமுறைதான் நம்ம சின்னப்பா. அவர் யானையை மார்பில் ஏற்றவில்லை. சினிமாவில் ஏற்றினார்.

பயிற்சி சாலைக்கு வந்த நண்பர்

அப்போது கோவையில் ஜூபிடர், பட்சிராஜா கம்பெனிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. சண்டைக்காட்சிக்குக் கட்டுமஸ்தான ஆட்கள் தேவை. சின்னப்பா சின்னச்சின்ன வேஷங்களில் தலைகாட்டினார்.

அங்கேதான் எம்.ஜி.ஆரின் சிநேகம் கிடைத்தது. 1936-ல் சதிலீலாவதியில் ஆரம்பித்து, பத்து வருஷமாகத் துண்டு வேஷங்களில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர் எம்.ஜி.ஆர். இரண்டு பேருமே வாய்ப்பு இல்லாதவர்கள். இரண்டு பேருக்குமே உடற்பயிற்சி உயிர். தேவரின் பயிற்சி சாலைக்கு எம்.ஜி.ஆர். வந்து போக, நட்பு இறுகியது.

1947-ல் ராஜகுமாரி. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன். அதில் வரும் சண்டைக்கு வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, தேவர்தான் வேண்டும் என்று நின்றார் எம்.ஜி.ஆர். தனக்கே அது முதல் வாய்ப்பு, கையை விட்டுப் போனால் திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ. அப்படிப்பட்ட நேரத்தில் நண்பனுக்காகப் பேசினார். தேவர் அதை மறக்கவில்லை.

5 வருஷ இடைவெளி

1956-ல் சொந்தமாக தேவர் பிலிம்ஸ் தொடங்கினார். முதல் படம் தாய்க்குப் பின் தாரம். எம்.ஜி.ஆர். காளையை அடக்கும் காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. டைரக்டர் தேவரின் தம்பி எம்.ஏ. திருமுகம்.

படம் ஜெயித்தது, நட்பு முறிந்தது! இரண்டு பேரும் பிரிந்தார்கள். முதல் படத்தோடு நாயகன் போய்விட்டால் கம்பெனி கதி என்ன? தேவர் உட்கார்ந்து அழவில்லை. ரஞ்சனை வைத்து நீலமலைத் திருடன் எடுத்தார். யானைப்பாகன் எடுத்தார். 1961-ல் மீண்டும் கைகோர்த்தார்கள். படம், தாய் சொல்லைத் தட்டாதே. அப்புறம் தாயைக் காத்த தனயன், வேட்டைக்காரன், தொழிலாளி, முகராசி, விவசாயி என்று போய் 1972-ல் நல்ல நேரத்தில் கணக்கு 16 ஆனது.

காலை வாரிய யானை

1967-ல் யானையை வைத்து தெய்வச்செயல் என்று ஒரு படம் எடுத்தார். ஓடவில்லை. வேறு ஆளாக இருந்தால் யானை இருக்கும் திசைக்கே கும்பிடு போட்டிருப்பார். தேவர் அதே கதையைத் தூக்கிக்கொண்டு பம்பாய் போனார். இந்தி அவருக்குப் பழக்கம் இல்லாத பாஷை. அப்போது உச்சத்தில் இருந்த ராஜேஷ் கன்னாவை நாயகனாகப் போட்டு 1971-ல் ஹாத்தி மேரே சாத்தி வெளியிட்டார். நாடு முழுக்க பிய்த்துக்கொண்டு ஓடியது. அதையே மறுவருஷம் எம்.ஜி.ஆரை வைத்து நல்ல நேரம் ஆக்கினார். அதுவும் வெற்றி!

கல்லைத் தூக்குகிறவனுக்கு இது புரியும். முதல் தடவை நழுவினால் கல்லை மாற்ற மாட்டான். பிடியை மாற்றுவான்.

அதன்பிறகு மாடு, பாம்பு, ஆடு என்று எல்லாமே தேவர் படத்தில் நட்சத்திரங்கள். 1977-ல் வந்த ஆட்டுக்கார அலமேலுவில் ஆடு வாங்கின கைதட்டல் பெரிய நடிகர்களுக்கும் கிடைக்காது.

சொன்ன தேதி, சொன்ன பணம்

சினிமாவில் தேவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வருவது அவர் மீசை. ரெண்டாவது வருவது பண விஷயம். பேசின சம்பளத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பார். பூஜை போடும்போதே ரிலீஸ் தேதியைக் கணக்குப் போட்டு வைத்திருப்பார். அந்தத் தேதியில் படம் வரும். மில் வாசலில் சம்பள நாளுக்குக் காத்து நின்றவருக்கு, கூலி தள்ளிப் போனால் வீட்டில் அடுப்பு என்ன ஆகும் என்று தெரியாதா?

லாபத்தில் முருகனுக்கும் ஒரு பங்கு. கோவை மருதமலைக் கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்தார். 1972-ல் முருகன் கோயில்களை வைத்தே தெய்வம் படத்தை எடுத்தார்.

1978 செப்டம்பர் 8-ந் தேதி மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. வயது 63. அப்போது ரஜினிகாந்தை வைத்து தாய் மீது சத்தியம் தயாராகிக்கொண்டிருந்தது. அதே வருஷம் படம் வெளியானது. பார்க்க தேவர் இல்லை.

இரும்புக் குண்டைத் தூக்கின பலசாலிகள் அந்தக் காலக் கோவையில் எத்தனையோ பேர். உடம்பு அவருக்கு வாசல் கதவைத்தான் திறந்துவிட்டது. உள்ளே அவரை நிற்க வைத்தது, தேகப்பயிற்சி சாலை கற்றுக்கொடுத்த இன்னொரு பழக்கம். சொன்ன நேரத்துக்கு வரணும், எண்ணினதை முடிக்கணும், விழுந்தால் மறுநாளும் வரணும். அஞ்சாம் கிளாஸோடு நின்றவருக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

சாயங்காலம் ஜிம்முக்குப் போகும் நம்மூர் பையன்களே... கை பெருக்க ஆறு மாசம் போதும். இந்தப் பழக்கம் வர ரொம்ப நாள் ஆகும் மக்கா!