எட்டயபுரம் தந்த இசைக் கருவூலம்

நம் மாவட்டத்து எட்டயபுரம் என்றதும் பாரதியார் பெயரே நம் நாவில் வரும். அந்த அரண்மனையில் வாழ்ந்த மற்றொரு பெரியவர் சுப்பராம தீட்சிதர்.

இவர் 1839ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியும், வயலினை நம் இசைக்குப் பழக்கியவருமான பாலுசுவாமி தீட்சிதர் இவருடைய தாய்வழிப் பாட்டனார். அவரே பேரனை மகனாகத் தத்தெடுத்து எட்டயபுரத்தில் வளர்த்தார். தீட்சிதர் இளமையிலேயே அரண்மனை வித்துவானார்.

குடும்பத்துப் பாடல்கள் அனைத்தும் அவர் நெஞ்சிலும் ஏடுகளிலும் இருந்தன. பாடம் கேட்க ஒருவர் இல்லையெனில் பாட்டும் போய்விடும். கர்நாடக இசையை ஐரோப்பிய முறையில் எழுதி வெளியிட்டு வந்த சென்னைக் கிறிஸ்தவ அன்பர் சின்னசாமி முதலியார் இதை எண்ணிக் கவலையுற்றார். யாவற்றையும் அச்சேற்றுமாறு தீட்சிதரையும் எட்டயபுரம் மன்னரையும் வேண்டினார்.

எப்படி எழுதுவது? ஸ, ரி, க, ம என்று மட்டும் எழுதினால் வெறும் எலும்புக்கூடே மிஞ்சும். ஒவ்வோர் அசைவையும் விரித்து எழுதினாலோ ஒரே பாட்டு பல பக்கங்களை விழுங்கிவிடும். தீட்சிதர் சிறு குறிகளைக் கையாண்டார். ஸ்வரத்தின் மேல் ஒரு நெளிகோடு இட்டால் கம்பிதம். அவ்வாறே நொக்கு, ரவை, வளி, ஜாரு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. குறியறிந்தவர் பார்த்ததும் அசைவு முழுவதும் விரிந்துவிடும்.

கணிப்பொறியில் ஒலியைச் சேமிப்போருக்கும் இன்று இதே இக்கட்டுதான். உயர்தரப் பதிவில் ஒலியை விநாடிக்கு 96,000 முறை அளந்து எண்ணாக்குவர். 24 பிட் அளவில், இரு தடங்களுக்கு, ஒரு நிமிடப் பாட்டே ஏறத்தாழ 35 மெகாபைட் கொள்ளும். எம்.பி.3 முறை, காதுக்கு எட்டாது என்று கருதுவதைக் கழித்துவிடும், கழித்தது மீளாது. 2001இல் வெளியான ஃபிளாக் முறையோ, முந்திய எண்களிலிருந்து அடுத்த எண்ணை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சிறு வேறுபாட்டை மட்டும் எழுதி வைக்கும். இடம் பெருமளவு குறையும். திறக்கும்போது ஓர் எண்ணும் தவறாது.

தீட்சிதரின் ஏட்டில் பாடியவரின் குரல் இல்லை. பயிலாத கண்ணுக்கு அது விளங்கவும் விளங்காது. ஆகவே இரண்டும் ஒன்றென்று சொல்வதற்கில்லை. ஆனால் இது வேண்டாம் என்று தாமாக எதையும் தள்ளிவிடாமல் சுருக்க முயன்றார் என்பதே என்னை வியக்க வைக்கிறது.

1902இல் இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது. ஒரு தட்டு சில நிமிடங்களே பாடும். அதே காலத்தில், அறுபது வயதைக் கடந்த தீட்சிதர் எழுதிக்கொண்டிருந்தார். மன்னரின் ஆதரவில், எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில், 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கில் வெளிவந்தது. ஏறத்தாழ 1,700 பக்கங்கள்! முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் இருநூறுக்கு மேல்.

1906இல் தீட்சிதர் மறைந்தார். பாரதியார் அவருக்கு இரங்கற்பா பாடினார். 1961 முதல் சென்னை மியூசிக் அகாதெமி இந்நூலைத் தமிழில் பகுதி பகுதியாக வெளியிட்டது. அந்தக் குறிகள் அதிலும் உள்ளன.