மணற்குழியை வென்ற தச்சர் மகன்

கோல்ஃப் ஆட்டத்தில் கண்ணைக் கவர்வது நெடுந்தொலைவு பறக்கும் முதல் அடி. ஆனால், வெற்றி தோல்வியில் குழிக்கு அருகே ஆடப்படும் சிறு அடிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. பதினெட்டுக் குழிகளை 72 அடிகளில் முடிக்க வேண்டும் என்னும் கணக்கில், குழிக்கு இரண்டாக 36 அடிகள் குழியைச் சூழ்ந்த புல்தரையில் பந்தை உருட்டுவதற்கே ஒதுக்கப்பட்டுள்ளன. பந்து அந்தப் புல்தரையை எட்டாமல் பக்கத்து மணற்குழியில் விழுந்துவிட்டால் கணக்கு மேலும் குலையும். இதைத் தோல்விகளின் வழியே உணர்ந்து, மாற்றும் கண்டவர் அமெரிக்க வீரர் ஜீன் சாரசென்.

1902-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹாரிசன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் யூஜீனியோ சாரசேனி. சிறுவயதிலேயே செல்வந்தர்களின் மட்டைப்பையைச் சுமக்கும் ‘கேடி’ வேலைக்குச் சென்றவர், பள்ளிப் படிப்பைத் தொடரவில்லை. பிறர் ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றார்.

1922-இல், தமது இருபதாவது வயதில், அமெரிக்க ஓபன், பிஜிஏ ஆகிய இரு பெரும் பட்டங்களையும் வென்றார். அடுத்த ஆண்டும் பிஜிஏ பட்டம் அவருக்கே கிடைத்தது. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் பெரும் பட்டம் எதுவும் வாய்க்கவில்லை. மணற்குழிதான் அவரது பலவீனமாக இருந்தது.

அக்காலத்தில் மணலிலிருந்து பந்தை எடுக்கப் பயன்பட்ட ‘நிப்ளிக்’ மட்டையின் முனை கூர்மையானது. சற்றே ஆழமாக வீசினால் மணலில் புதையும். சற்றே மேலாகப் பட்டால் பந்து புல்தரையைத் தாண்டிப் பறந்துவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. சாரசெனோ, கூடம் உண்மையிலேயே கோணலா என்று பார்க்கத் துணிந்தார். விமானத்தின் வால்பகுதி தாழும்போது முன்பகுதி எழுவதைக் கவனித்த அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஃபுளோரிடாவில் தமது இல்லத்துப் பட்டறையில், நிப்ளிக்கின் அடிப்புறத்தில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு அராவினார். இப்போது மட்டை மணலைத் தோண்டாமல் வழுக்கிச் சென்றது. பந்துக்குப் பின்னே மணலை அடித்தால் போதும். எழும் மணலே பந்தைத் தூக்கிவிடும்.

கருவி கையில் வந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அதன் நடத்தை கைக்குப் பழகும்வரை, மணிக்கணக்கில் மணலில் நின்று பயின்றார்.

1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் திடலில் நடந்த பிரிட்டிஷ் ஓபனுக்கு அதை எடுத்துச் சென்றார். உட்குழிந்த முகப்புடைய மணல் மட்டைகள் முந்தைய ஆண்டுதான் தடைசெய்யப்பட்டிருந்தன. இவருடையது தட்டையான முகப்புடையது என்றாலும், ஆட்டம் தொடங்கும்வரை அதை மறைத்தே வைத்திருந்தார். 283 அடிகளில் முடித்து, ஐந்து அடி முன்னிலையில் பட்டம் வென்றார். சில நாள்களிலேயே அமெரிக்க ஓபனையும் வென்றார். அதில் கடைசி 28 குழிகளுக்கு அவர் எடுத்துக்கொண்டவை 100 அடிகளே.

1935 மாஸ்டர்ஸ் போட்டியில் 235 கஜத் தொலைவிலிருந்து அவர் நேரே குழியில் சேர்த்த அடியையே உலகம் இன்றும் பேசுகிறது. அது ஒருநாள் அற்புதம். அன்றாடம் பயன்படுவது அவர் பட்டறையில் உருவாக்கிய வடிவம்தான். இன்று ‘சாண்ட் வெட்ஜ்’ இல்லாத மட்டைப்பையைக் காண்பது அரிது.

ஏழு பெரும் பட்டங்களை வென்ற சாரசென், 1999-இல் 97-ஆவது வயதில் மறைந்தார். அதற்கு முன் 1973-இல், தமது 71-ஆவது வயதில், ஸ்காட்லாந்தின் ட்ரூன் திடலில் மீண்டும் பிரிட்டிஷ் ஓபனில் ஆடினார். 126 கஜ நீளமுள்ள எட்டாவது குழியில் முதல் நாள் ஒரே அடியில் பந்தைச் சேர்த்தார். மறுநாள் அதே இடத்தில் பந்து மணற்குழியில் விழுந்தது. அங்கிருந்து அடுத்த அடியிலேயே நேராகக் குழியில் சேர்த்தார். இளமையில் தம்மைத் தோற்கடித்த மணல், முதுமையில் அவருக்கு அச்சமூட்டவில்லை.

தன் பலவீனம் எங்கே இருக்கிறது என்று அறிந்து, அங்கேயே உழைப்பைச் செலுத்துபவர் அரியவர். எல்லோரும் தமக்கு நன்றாக வருவதையே மீண்டும் பயில்கிறோம். சாரசெனின் வாழ்க்கை இந்தப் பழக்கத்துக்கு எதிரான ஒரு பாடம்.